பழைய மின் கிட்டார்: அசலும் மதிப்பும்

சரக்கறிவுப் பகுதி

நம் கடைக் கணக்கில் பழைய பொருள் என்றால் தேய்மானம். மேசை, நாற்காலி, தராசு, வண்டி எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருகிறோம். இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் சரக்குகளும் சில உண்டு. அமெரிக்காவில் 1950 முதல் 1965 வரை செய்யப்பட்ட மின் கிட்டார் அவற்றில் ஒன்று. கலிபோர்னியா மாநிலம் புல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரை விற்பனைக்கு விட்டது. அதிர்வுக் கைப்பிடி பொருத்திய கிட்டாருக்கு அன்றைய பட்டியல் விலை 249 டாலர் 50 சென்ட். அதே கிட்டார் மாற்றம் ஏதுமின்றி இன்று கைக்கு வந்தால் பல பத்தாயிரம் டாலர் பெறும். 'மாற்றம் ஏதுமின்றி' என்ற அந்த இரண்டு சொற்களில்தான் இந்த வியாபாரத்தின் லாபமும் நட்டமும் அடங்கியிருக்கின்றன.

அமெரிக்கச் சிறு நகரம் ஒன்றில் பழைய இசைக்கருவி வாங்கி விற்கும் கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலமான தந்தையின் கிட்டாரை ஒரு மகள் எடுத்து வருகிறார். "1963-ல் அப்பா புதிதாக வாங்கியது" என்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பா அதில் எதைக் கழற்றினார், எதை மாட்டினார் என்பது அவருக்குத் தெரியாது. கடைக்காரர் குறைத்து மதிப்பிட்டால் ஒரு குடும்பத்தின் சொத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர் ஆகிறார். கூட்டி மதிப்பிட்டால் போட்ட முதல் போகிறது. பார்க்கத் தெரியாமல் 'முழு அசல்' என்று பில் போட்டு விற்றுவிட்டால் சரக்கும் திரும்பி வரும், கடையின் பேரும் கெடும். ஆகவே இந்தச் சரக்கைப் பார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே பார்ப்போம். கிட்டார் விற்காதவர்களுக்கும் இது பயன்படும். பழைய கடிகாரமோ, கேமராவோ, ரேடியோவோ வாங்கி விற்பவர்களுக்கு முறை ஒன்றேதான்.

முதலில் இந்த ஆண்டுகளுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்குப்பின் உற்பத்தி பெருகியது, தரம் இறங்கியது என்பது வாசிப்பவர்களின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எல்லாக் கருவிக்கும் பொருந்துமா என்பது வேறு பேச்சு. 1965-ல் வந்த நல்ல கிட்டார்களும் உண்டு, 1957-ல் வந்த மட்டமான கிட்டார்களும் உண்டு. ஆனால் சந்தை ஒரு கோடு கிழித்துவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. வியாபாரி கோட்டோடு சண்டை போட முடியாது. கோடு இருப்பதால்தான், இந்தப் பக்கத்துச் சரக்கை அந்தப் பக்கத்துக்குத் தள்ளும் வேலையும் நடக்கிறது.

மின் கிட்டார் நம் ஊர்க் கச்சேரிகளில் காணும் சாதா கிட்டாரைப்போல உள்ளே காலியான பெட்டியல்ல. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் கனமான மரப்பலகை. அதில் கழுத்துப் பகுதி நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டிருக்கும். தந்திகளுக்கு அடியில் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் சேர்ந்த பிக்கப் மூன்று இருக்கும். அவற்றோடு வால்யூம், டோன் கன்ட்ரோல்கள், மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு, தலைப்பகுதியில் ஆறு முறுக்காணிகள். எல்லாமே ஸ்க்ரூ டிரைவர் ஒன்றால் கழற்றி மாட்டக்கூடியவை. தொழிற்சாலையில் வேகமாகச் செய்யவும் எளிதாகப் பழுது பார்க்கவும் லியோ ஃபெண்டர் அப்படி அமைத்தார். அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அல்லவா! அந்த வசதியே இன்று மதிப்பிடுபவருக்குத் தலைவலி.

எண்ணை மட்டும் நம்பலாகாது

புதிதாக வருபவர்கள் முதலில் பார்ப்பது வரிசை எண். கழுத்தை முடுக்கும் இடத்தில், உடலின் பின்புறத்தில் உள்ள இரும்புத் தகட்டில் எண் அடித்திருக்கும். 1962 கடைசியிலிருந்து 1965 வரை 'எல்' என்ற எழுத்தோடு தொடங்கும் எண்கள் வந்தன. எண்ணைப் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் தொழிலாளிகள் தகடுகளைப் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துப் பொருத்தினார்கள். ஆகையால் எண் வரிசை ஏறத்தாழ ஆண்டைக் காட்டுமே தவிர, முன்பின் வருவது சகஜம். பாடகர் டேவிட் கில்மோரிடம் இருந்த 1954-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் எண் 0001. 2019 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 18 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அந்த எண் இருந்தும், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது அல்ல.

மேலும் தகடு என்பது நான்கு திருகாணி விவகாரம். பழைய தகடு தனியாகவும் விலைக்குக் கிடைக்கிறது, புதிதாக அடித்த போலித் தகடும் கிடைக்கிறது. எண் சரியாக இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று பொருள், அவ்வளவுதான்.

தேதிகள் ஒத்துப்போக வேண்டும்

கழுத்தைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் தேதி இருக்கும். தொடக்க ஆண்டுகளில் பென்சிலால் எழுதினார்கள், 1962-லிருந்து ரப்பர் முத்திரை குத்தினார்கள். '2 மார்ச் 63 பி' என்று இருந்தால், 2 என்பது மாதிரி எண். அதை நாள் என்று படித்துவிடக் கூடாது. பிறகு மாதம், ஆண்டு. கடைசி எழுத்து கழுத்தின் அகலம். 'பி' என்பது வழக்கமான அகலம். இது கழுத்து செய்த தேதி. கிட்டார் பூட்டிய தேதி சில வாரமோ சில மாதமோ தள்ளியிருக்கும். 1959 வாக்கில் தேதியே இல்லாத கழுத்துகளும் வந்திருக்கின்றன; தேதி இல்லை என்பதற்காகவே போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்து பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கி உள்ளே இருக்கும் கன்ட்ரோல்களைப் பார்க்க வேண்டும். ரேடியோ உதிரிபாகம் விற்கும் நம் அன்பர்களுக்கு இது பழக்கமான வேலை. கன்ட்ரோலின் உலோக மேல்பாகத்தில் எண் அடித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். பின்னால் வருவது ஆண்டும் வாரமும். 304-6248 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி 1962-ஆம் ஆண்டு 48-ஆவது வாரத்தில் செய்தது.

மகள் கொண்டுவந்த கிட்டாருக்கு வருவோம். தகட்டு எண் 'எல்' வரிசை, கழுத்தில் 1963 மார்ச், மூன்று கன்ட்ரோலிலும் 1962 கடைசி வாரங்கள் என்றால் மூன்று சாட்சிகளும் ஒரே கதையைச் சொல்கின்றன. 1963 வசந்தத்தில் பூட்டிய கிட்டார் என்று கொள்ளலாம். ஒரு கன்ட்ரோலில் மட்டும் 1971 என்றிருந்தால், தேய்ந்துபோன வால்யூமை யாரோ மாற்றியிருக்கிறார்கள். சிறு கழிவு போதும். மூன்றிலும் 1971 என்றால் உள்ளே இருக்கும் வயரிங் முழுவதும் மாறியது, பிக்கப்களையும் சந்தேகிக்க வேண்டும். கழுத்தில் 1963-ம் உடலில் அதற்குப் பொருந்தாத அடையாளங்களும் இருந்தால், இரண்டு கிட்டார்களைச் சேர்த்து ஒன்றாக்கிய சரக்கு. ஒரு நுணுக்கம்: கன்ட்ரோல் தேதி 'இதற்கு முன்னால் அல்ல' என்று மட்டுமே சொல்லும். ஃபெண்டர் 1966-ல் கன்ட்ரோல்களைப் பெருமளவில் வாங்கி இருப்பு வைத்ததால், 1960-களின் கடைசியில் வந்த கிட்டாரிலும் 1966 எண்கள் காணப்படுகின்றன.

எண்ணைவிட சால்டரிங் முக்கியம் என்பது என் கருத்து. எண்ணுள்ள பழைய கன்ட்ரோலை வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் 60 ஆண்டுகள் கை படாத ஈயத்தின் மங்கலையும், துணி உறை போட்ட வயரின் வளைவையும், அதன்மேல் படிந்த தூசியையும் ஒன்றாகக் கொண்டுவருவது சிரமம். பளபளக்கும் ஈயம், சுடுகோல் பட்டுக் கருகிய துணி உறை, ஒரே முனையில் இரண்டு முறை வைத்த பற்று ஆகியவற்றைக் கண்டால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளவும்.

மரமும் வர்ணமும்

மரம் பொய் சொல்வது அரிது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் 1954 முதல் 1956 நடுப்பகுதி வரை ஆஷ் மரம். பிறகு பெரும்பாலும் ஆல்டர். மரம் தெரியும் வெளிர் வண்ணத்துக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. கழுத்து 1959 வரை ஒரே துண்டு மேப்பிள். 1959 நடுவிலிருந்து விரல் பலகைக்கு ரோஸ்வுட் வந்தது. 1962 நடுப்பகுதி வரை தடித்த தட்டைப் பலகை, பிறகு மெல்லிய வளைந்த பலகை. 1957 என்று சொல்லி ரோஸ்வுட் பலகையுள்ள கழுத்தைக் காட்டினால், மேலே பேச வேண்டியதில்லை.

விலையை அதிகம் அசைப்பது வர்ணம்தான். அன்று பூசியது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். மெல்லிய பூச்சு, காலப்போக்கில் மஞ்சளாகும், குளிரிலும் வெயிலிலும் நுண்ணிய வெடிப்பு விடும். மறுபூச்சு செய்தால் அசல் விலையில் ஏறத்தாழ பாதி போய்விடும் என்பது அமெரிக்க வியாபாரிகளின் வழக்கமான கணக்கு. வாசிப்பவருக்கு ஒலியில் பெரிய வித்தியாசம் இராது. சேர்ப்பவருக்கு அதுவே எல்லாம். எனவே மறுபூச்சை மறைப்பதில்தான் திறமையெல்லாம் செலவழிக்கப்படுகிறது.

இதைக் கண்டுபிடிக்க நம் கல்லாப் பெட்டி அருகே கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் அதே புற ஊதா விளக்கு உதவும். இருட்டறையில் பழைய லாக்கர் இளமஞ்சள் பச்சையாக மின்னும். புதிதாகத் தொட்ட இடம் கறுப்புத் திட்டாகத் தெரியும். இதையும் துணைச் சாட்சியாகவே கொள்ள வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஆணித் துளை. அந்நாளில் உடலை வர்ணமடித்துக் காய வைக்கும்போது பலகையில் ஒட்டாமலிருக்கச் சிறு ஆணிகளைக் கால்போல அடித்து நிறுத்துவார்கள். காய்ந்தபின் ஆணியைப் பிடுங்கினால் துளைக்குள் வர்ணம் இருக்காது, பச்சை மரம் தெரியும். ஏறக்குறைய 1964 வரை இந்த வழக்கம் இருந்தது. பிளாஸ்டிக் தகட்டின் அடியில் அந்தத் துளைகளைத் தேடுங்கள். துளைக்குள் வர்ணம் இறங்கியிருந்தால் பின்னால் அடித்த வர்ணம். துளையே இல்லாவிட்டால் உடலே வேறு காலத்தது என்று சந்தேகிக்கலாம்.

தகட்டின் அடியில் இன்னொன்றும் பார்க்கலாம். 1958-ல் மூன்று வண்ணப் பூச்சு வந்தது. அதன் சிவப்பு, தொடக்க ஆண்டுகளில், வெளிச்சம் பட்டு மங்கிப்போகும். தகடு மூடிய இடத்தில் சிவப்பு அடர்த்தியாகவே இருக்கும். வெளியிலும் உள்ளிலும் ஒரே நிறமாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

அபூர்வ வண்ணங்கள் தனி வியாபாரம். டூபான்ட் கம்பெனியின் கார் பெயிண்டில் சிவப்பு, நீலம் என்று கேட்டவர்களுக்கு 5 சதவீதம் கூடுதல் விலைக்கு ஃபெண்டர் அடித்துக் கொடுத்தது. அன்று 5 சதவீதம். இன்றோ அந்த வண்ணத்துக்கு வழக்கமான பூச்சைவிட மிகக் கூடுதல் விலை. எனவே சாதாரணக் கிட்டாருக்குச் சிவப்பு அடித்து விற்கும் ஆசை எழுகிறது. 'சிவப்புக்கு அடியில் பழைய மூன்று வண்ணம் தெரிந்தால் போலி' என்று சொல்லிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. தொழிற்சாலையே சில சமயம் மூன்று வண்ணப் பூச்சின்மேல் சிவப்பு அடித்திருக்கிறது. இந்த இடத்தில் ஆணித் துளை, விளக்கு, கழுத்துப் பள்ளத்தின் உட்புறம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபின்பே வாய் திறக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959 முதல் 1965 தொடக்கம் வரை வந்த மூன்றடுக்குத் தகடு செல்லுலாய்டு. வெள்ளை நாளடைவில் இளம்பச்சை சாயும், சுருங்கும், விரியும். துணியால் அழுத்தித் தேய்த்தால் லேசாகக் கற்பூர வாசனை வரும். செல்லுலாய்டில் கற்பூரம் சேர்ப்பது வழக்கம். தீக்குச்சி வைத்துச் சோதிக்க வேண்டாம், பற்றிக்கொள்ளும்.

தேய்மானம் சாட்சி ஆகுமா?

முன்பு ஆகும் என்று சொல்லியிருக்கலாம். 1995-ல் ஃபெண்டரே புதுக் கிட்டாரைப் பழையதுபோல் தேய்த்து விற்கத் தொடங்கியது. பிறகு அந்தக் கலை பரவிவிட்டது. பிளேடால் கீறிய வெடிப்புகள் ஒரே சீராக, நேர்க்கோடாக இருக்கும். இயற்கை வெடிப்பு மரத்தின் போக்கிலும் குறுக்கிலும் அடங்காமல் ஓடும். தேய்மானம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதே நல்ல முறை. வலது முன்கை உராயும் இடத்தில் வர்ணம் மரம் வரை போயிருக்கிறது, ஆனால் விரல் பலகையில் குழி இல்லை, கழுத்தின் பின்புறம் புதிதாக இருக்கிறது என்றால், வாசிக்காமலே தேய்ந்த கிட்டார் அது!

1982-ல் ஃபெண்டர் தன் பழைய 1957, 1962 மாதிரிகளை மீண்டும் செய்து வெளியிட்டது. அவற்றின் எண் 'வி' எழுத்தோடு தொடங்கும். நேர்மையான சரக்குதான். ஆனால் அவற்றுக்கே இப்போது 40 வயது தாண்டிவிட்டது, இயற்கையாகவே பழசாகிவிட்டன. தகட்டை மட்டும் மாற்றி 1962 என்று விற்க வருபவர்களிடம் கவனம் தேவை.

கிப்சன் கணக்கு

மிச்சிகன் மாநிலம் காலமாசூ நகரில் கிப்சன் கம்பெனி செய்த லெஸ் பால் கிட்டாரில், 1958 முதல் 1960 வரை வந்த செம்மஞ்சள் பூச்சுக் கருவிகளே உச்ச விலை. மூன்று ஆண்டுகளிலும் சேர்த்துச் சுமார் 1,500 மட்டுமே வந்தன. அன்று சரியாக விற்காததால் அந்த வடிவத்தையே நிறுத்தினார்கள். பிறகு 1968-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடையில் புகழ்பெற்ற வாசிப்பாளர்கள் பழையதைத் தேடி வாங்கத் தொடங்கியிருந்தார்கள். இன்று நல்ல நிலையிலுள்ள 1959 கருவி இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பேசப்படுகிறது.

இதன் எண் தலைப்பகுதியின் பின்புறம் மையால் குத்தியது. முதல் இலக்கம் ஆண்டு. 9 என்றால் 1959. மை என்பதால், பின்புறம் மறுபூச்சு ஆகியிருந்தால் எண்ணும் திரும்பக் குத்தியதே. கழுத்து ஒட்டியிருப்பதால் ஃபெண்டரைப்போல் கழற்றிப் பார்க்க முடியாது. இதன் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், அதன் அடியிலேயே இரும்புக் கம்பிக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள். கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். ஒட்டினால் நன்றாகவே வாசிக்கலாம். விலை மட்டும் பாதிக்கு வந்துவிடும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அந்த வளைவில் மெல்லிய கோடு ஓடுகிறதா என்று பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

1952 முதல் வந்த தங்க வண்ண லெஸ் பாலைச் சுரண்டிச் செம்மஞ்சளாக்குவது வழக்கமாக நடக்கிறது. 'மாற்றியது' என்று சொல்லி விற்றால் அது நியாயமான வியாபாரம். சொல்லாமல் விற்றால் மோசடி. இதில் உள்ள பழைய பிக்கப்கள் தனியாகவே ஆயிரக்கணக்கான டாலர் பெறுவதால், விலை குறைந்த பழைய கிப்சன்களிலிருந்து பிடுங்கி விற்கிறார்கள். அவற்றின் அடியில் ஒட்டும் சிறு லேபிளுக்கும் நகல் வந்துவிட்டது.

விலை கட்டும் விதம்

அமெரிக்காவில் விலைப் பட்டியல் நூல்கள் ஆண்டுதோறும் வருகின்றன. ஆனால் பட்டியல் விலை முழு அசலுக்கு. அதை 100 என்று வைத்துக்கொண்டு கழிக்க வேண்டும். மறுபூச்சு என்றால் 50. முறிந்து ஒட்டிய தலைக்கும் அதே அளவு. ஃபிரெட் கம்பி மாற்றியது வாசிப்புக்குத் தேவையான பராமரிப்பு, அதிகம் கழிப்பதில்லை. முறுக்காணி மாற்றியதில் பழைய துளையையே பயன்படுத்தியிருந்தால் சிறு கழிவு, புதுத் துளை போட்டிருந்தால் கூடுதல். கழற்றிய அசல் பாகங்கள் பெட்டிக்குள் இருந்தால் கழிவு குறையும். ஆகவே விற்க வருபவரிடம் "வீட்டில் பழைய ஸ்க்ரூ டப்பா ஏதேனும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அசல் பெட்டி, வாங்கிய பில், அட்டைகள் இருந்தால் கூட்டலாம். விலையும் ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2008 நிதி நெருக்கடிக்குப்பின் இந்தச் சந்தை நன்றாகவே இறங்கியது.

இத்தனை விதிக்கும் விலக்கு உண்டு. எரிக் கிளாப்டன் 1970-ல் நாஷ்வில் நகரில் சில பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கி, மூன்றின் பாகங்களைச் சேர்த்து ஒரு கிட்டார் ஆக்கிக்கொண்டார். மேலே சொன்ன கணக்குப்படி அது உதிரி சேர்த்த சரக்கு. 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலர் பெற்றது. அங்கே விற்றது வாசித்தவரின் கை. அதற்குப் புகைப்படமும் ஆவணமும் வேண்டும். 'இன்னார் வாசித்தது' என்ற வாய்ச்சொல்லுக்கு ஒரு டாலரும் கூட்ட வேண்டாம்.

வாங்கும்போது திறந்து பார்க்க விடாதவரிடம் திறக்காத விலையே சொல்ல வேண்டும். திருகாணிகளை உடைமையாளரே கழற்றட்டும். பழைய மரத்தில் புரி கெட்டால் பழி நம்மீது வரும். தேதி, துளை, சால்டரிங் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். விற்கும்போது தெரிந்த மாற்றங்களைப் பில்லிலேயே வரிவரியாக எழுதி, 24 அல்லது 48 மணி நேரம் பார்த்துத் திருப்பும் தவணை கொடுப்பது அங்குள்ள நல்ல கடைகளின் வழக்கம்.

நாடு விட்டு நாடு போகும் சரக்கானால் மரத்தையும் கவனிக்க வேண்டும். அக்காலக் கிட்டார்களின் விரல் பலகை பிரேசில் ரோஸ்வுட். சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையில் அந்த மரம் 1992 முதல் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. பிரேசில் மரம் அரிதானபோது கம்பெனிகள் நாடியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரத்தை. ஈட்டியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2017-ல் வந்த கெடுபிடி 2019 நவம்பரில் தளர்ந்தது. பிரேசில் மரத்துக்குத் தளரவில்லை. 1963 கிட்டார் ஒன்றை வெளிநாட்டுக்காரருக்கு விற்பவர், உடன்படிக்கைக்கு முந்திய மரம் என்ற சான்றைத் தம் அரசிடம் முன்னதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். காகிதம் இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் கிட்டாரே பறிமுதல் ஆகலாம்.